ஆய்வகத்தில் ஒரு ரோபோ கை: வேகம் அதுக்கு, கவனம் நமக்கு

(பட்டினச்சேரி மக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்கிறோம். பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வெளியே வந்து உட்காருகிறோம். "ரெண்டு மணிக்கு மேல வாங்க" என்கிறார்கள். அந்த இடைப்பட்ட நேரத்தில் நம்ம ரத்தம் எங்கே போகுது, யார் கையில் இருக்குது என்று யோசிச்சிருக்கீங்களா? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அந்த வழியில் சில ஊர்களில் இப்போது ஒரு ரோபோ கையும் வேலை செய்யுது. அது என்ன செய்யும், என்ன செய்யாது, நம்ம ஊர் அளவில் இருக்கிற சின்ன ஆய்வகத்துக்கு அது தேவையா, நாம என்ன செய்யணும் என்று நாலு விஷயமாகப் பார்ப்போம்.

டியூப் போகும் வழி

ரத்தம் எடுத்ததும் அது ஒரே டியூபில் போவதில்லை. ஊதா மூடி, சாம்பல் மூடி, சிவப்பு அல்லது மஞ்சள் மூடி, வெளிர் நீல மூடி என்று பல நிறம் பார்த்திருப்பீங்க. அது அழகுக்கு இல்லை. ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தடவியிருக்கும். ஹீமோகுளோபின், ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க அது. சாம்பல் மூடி சர்க்கரைக்கு. சிவப்பு, மஞ்சள் மூடிகளில் ரத்தம் உறைய விடுவார்கள். சுமார் அரை மணி நேரம் கழித்து சுழற்று எந்திரத்தில் வைத்துச் சுற்றி, மேலே தெளியும் நீரை எடுத்து கிட்னி, ஈரல், கொழுப்பு சோதனைகள் செய்வார்கள். வெளிர் நீலம், ரத்தம் உறையும் நேரம் பார்க்க. அதில் கோடு போட்ட அளவு வரை சரியாக நிரப்பணும். மருந்து ஒரு பங்கு என்றால் ரத்தம் ஒன்பது பங்கு. குறைந்தால் விடை தப்பாக வரும்.

வலை கரைக்கு வந்ததும் நெத்திலி தனி, மத்தி தனி, கணவாய் தனி, வஞ்சிரம் தனி என்று பிரிக்கிறோமே, ஆய்வகத்தின் முதல் வேலையும் அதுதான். வந்து குவியும் டியூபை எடு, ஒட்டியிருக்கும் பார்கோடைப் படி, மூடி நிறம் பார்த்துப் பிரி, சுழற்று எந்திரத்தில் வை, எடு, மூடியைத் திற, சோதனை எந்திரத்துக்குள் வை, மறுபடி மூடு, எடுத்து அடுக்கி வை. சோதனையை எந்திரம் செய்யும். ஆனால் டியூபை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றுவதெல்லாம் மனிதக் கைதான். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மூடியைத் திருகித் திறந்தால் மணிக்கட்டு என்ன ஆகும் என்று ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அக்காவைக் கேட்டுப் பாருங்க. மூடி திறக்கும்போது நோய்க்கிருமி உள்ள துளி தெறிக்கும் ஆபத்தும் இருக்கு.

ரோபோ கை வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

பக்கத்தில் நிற்கும் ரோபோ

கார் தொழிற்சாலை ரோபோவை வீடியோவில் பார்த்திருப்பீங்க. பெரிய இரும்புக் கை, சுற்றிலும் கம்பிவேலி. அது வேலை செய்யும்போது ஆள் உள்ளே போகக் கூடாது; குறுக்கே வருவது மனிதனா கதவா என்று அதுக்குத் தெரியாது. ஆய்வகத்துக்கு வருவது வேறு சாதி. ஆங்கிலத்தில் 'கோபாட்' என்கிறார்கள். ஆளோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோ என்று பொருள். 1996-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கோல்கேட், மைக்கேல் பெஷ்கின் என்ற இரண்டு பேராசிரியர்கள் முன்வைத்த எண்ணம் அது. டென்மார்க்கில் 2005-ல் தொடங்கிய யூனிவர்சல் ரோபோட்ஸ் நிறுவனம் 2008-ல் தன் முதல் கோபாட்டை விற்றது.

நம்ம கை மாதிரியே தோள், முழங்கை, மணிக்கட்டு மடங்கும். அந்த நிறுவனத்தின் யூ.ஆர்.5 என்ற கை சுமார் 18 கிலோ எடை. 5 கிலோ தூக்கும். 85 சென்டிமீட்டர் தூரம் எட்டும். மேசை மேலேயே பொருத்தலாம். யார் மேலாவது இடித்தால் அந்த அழுத்தத்தை உணர்ந்து நின்றுவிடும். எவ்வளவு அழுத்தம் வரை அனுமதிக்கலாம் என்பதற்கு 2016-லேயே சர்வதேசத் தர அமைப்பு வழிகாட்டி வெளியிட்டிருக்கு. வேலை கற்றுக்கொடுக்க எல்லா நேரமும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதத் தேவையில்லை. சின்னப் பிள்ளைக்கு கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுப்போமே, அதுபோல அந்தக் கையைப் பிடித்து "இங்கே எடு, இங்கே வை" என்று நகர்த்திக் காட்டலாம். அது நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஒன்றை மறக்கக் கூடாது. கை மெதுவாக நிற்கும் வகை என்பதால் எல்லாம் பத்திரம் என்று இல்லை. அது பிடித்திருப்பது கண்ணாடியோ கூர்மையான பொருளோ என்றால் ஆபத்து அந்தப் பொருளில் இருக்கு. அதனால் எந்த வேலைக்கு வைக்கிறோம் என்று பார்த்துத்தான் பாதுகாப்பை முடிவு செய்யணும்.

டென்மார்க்கில் நடந்தது

ஆய்வகத்தில் கோபாட் வைத்த கதைகளில் நன்றாகத் தெரிந்தது, டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனை ஒட்டி இருக்கும் ஜென்டோஃப்டே மருத்துவமனை. அங்கே வரும் ரத்த மாதிரிகள் சுமார் 20 சதவீதம் கூடின. ஆள் கூட்டாமல் சமாளிக்க இரண்டு யூ.ஆர்.5 கைகளை வைத்தார்கள்.

முதல் கை டியூபை எடுத்து பார்கோடு படிக்கும் கருவியிடம் காட்டும். கேமரா மூடியின் நிறத்தைப் படம் பிடிக்கும். நிறத்துக்கு ஏற்ப நான்கு தட்டுகளில் பிரித்து வைக்கும். இரண்டாவது கை அந்தத் தட்டிலிருந்து எடுத்து, சுழற்று எந்திரத்துக்கும் சோதனைக்கும் போகும் வரிசையில் சேர்க்கும். நிமிடத்துக்கு 7 அல்லது 8 டியூப். நாளைக்கு சுமார் 3,000 மாதிரிகள். மாதிரிகள் கூடிய பிறகும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட முடிவுகளை ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க முடிந்தது.

இதுக்கும் முன்னாலேயே ஜப்பானில் பாதை போட்டார் ஒரு மருத்துவர். 1980-களின் தொடக்கத்தில் கோச்சி மருத்துவக் கல்லூரியில் (நம்ம கேரளத்துக் கொச்சி இல்லை, ஜப்பான் ஊர்) மசாஹிதே சசாகி என்பவர், டியூபை நகரும் பட்டையில் ஏற்றி எந்திரத்துக்கு எந்திரம் அனுப்பும் ஆய்வகத்தை உருவாக்கினார். ஆனால் அந்த மாதிரி பட்டை அமைப்புக்குப் பெரிய இடமும் பெரிய பணமும் வேணும். சின்ன ஆய்வகத்துக்கு கோபாட் பொருந்தும் என்று சொல்வதற்குக் காரணமே இதுதான். கட்டிடத்தை இடிக்க வேண்டாம், இருக்கும் எந்திரத்தை மாற்ற வேண்டாம், ஒரு மேசையும் ஒரு கையும் போதும்.

நம்ம பக்கம் எப்படி?

கோபாட் நம்ம நாட்டுக்குப் புதுசு இல்லை. பஜாஜ் ஆட்டோ தன் வண்டித் தொழிற்சாலையில் 2010-லிருந்தே பயன்படுத்துது. மருத்துவத்துக்குப் பக்கத்தில் பார்க்கணும் என்றால் மதுரைக்குப் போகலாம். அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப், கண்புரை அறுவையில் வைக்கும் லென்ஸை 1992-லிருந்து குறைந்த விலையில் செய்துவருது. அங்கே உற்பத்தி வரிசையில் கோபாட் கைகள், சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த பெண்களோடு சேர்ந்து வேலை செய்யுது. அலுப்புத் தட்டும், திரும்பத் திரும்ப வரும் வேலை கைக்கு. தரம் பார்க்கும் வேலை பெண்களுக்கு.

கொரோனா காலத்தில் இன்னொரு பக்கமும் பார்த்தோம். 2020 மே 14 அன்று டெல்லியில் தேசிய நோய்த் தடுப்பு மையத்தில் 'கோபாஸ் 6800' என்ற எந்திரம் பயன்பாட்டுக்கு வந்தது. 24 மணி நேரத்தில் சுமார் 1,200 மாதிரிகளை அதுவே பிரித்து, கலந்து, சோதித்துவிடும். அது பெரிய ஊர், பெரிய ஆய்வகத்துக்கான எந்திரம். அதே சமயம் கோவாவின் மோல்பயோ நிறுவனம் தயாரித்த 'ட்ரூநாட்' சின்ன ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. மேசை மேல் வைக்கலாம், பேட்டரியில் ஓடும், சுமார் ஒரு மணி நேரத்தில் காசநோய் இருக்கா இல்லையா என்று சொல்லும். 2020-ல் உலக சுகாதார நிறுவனமும் காசநோய்க்கு அதைப் பரிந்துரைத்தது. அதில் ரோபோ கை எதுவும் கிடையாது. ஆனால் சின்ன ஆய்வகத்துக்கு அதுவும் ஆட்டோமேஷன்தான். இதை மனசில் வையுங்க.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நிமிடத்துக்கு 7 டியூப் என்றால் மணிக்கு 420. நாளைக்கு 150 டியூப் வரும் ஒரு சின்ன ஆய்வகத்தில், பிரிக்கும் வேலைக்கு மட்டும் அந்தக் கையை வைத்தால் 22 நிமிடத்தில் வேலை தீர்ந்துபோகும். மீதி நாள் முழுக்க சும்மா நிற்கும். பல லட்சம் ரூபாய் போட்டு வாங்கிய விசைப்படகை வாய்க்காலில் ஓட்டுவது மாதிரி.

அப்போ சின்ன ஆய்வகத்துக்கு அது வேண்டாமா? அப்படியும் இல்லை. ஒரே கை பகலில் டியூப் பிரிக்கும், மூடி திறக்கும், எந்திரத்தில் ஏற்றும். ஆள் குறைவான இரவில் அவசர மாதிரிகளைப் பார்த்துக்கொள்ளும் என்றால் அதுக்கு வேலை இருக்கு. பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து மாதிரி வந்து குவியும் மைய ஆய்வகம் என்றால் இன்னும் நன்றாக வேலை இருக்கு. மத்திய அரசின் இலவசப் பரிசோதனைத் திட்ட வழிகாட்டியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 63, மாவட்ட மருத்துவமனைக்கு 134 வகைப் பரிசோதனைகள் என்று பட்டியல் இருக்கு. இத்தனையையும் எல்லா இடத்திலும் எந்திரம் வைத்துச் செய்ய முடியாது. மாதிரியை எடுத்து ஒரு மையத்துக்கு அனுப்புவதுதான் வழி. அந்த மையத்தில் கூட்டம் சேரும். ரோபோ கை நிற்க வேண்டிய இடம் அது.

கடலுக்குப் போகும் அண்ணன்மாருக்கு இது புரியும். எக்கோ சவுண்டர் மீன் எங்கே என்று காட்டும். ஆனால் அதுக்கு ஏற்ற படகு, அதுக்கு ஏற்ற ஆழம் இருந்தால்தான் காசு மிஞ்சும்.

வேலை போயிடுமா?

டி.எம்.எல்.டி. படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். மழுப்பாமல் சொல்கிறேன். ஜென்டோஃப்டேயில் யாரையும் புதுசாக எடுக்காமல் கூடுதல் வேலையை முடித்தார்கள். அதாவது டியூப் அடுக்கும் வேலைக்கு மட்டும் ஆள் எடுப்பது குறையும். ஆனால் ரத்தம் எடுக்க ஆள் வேணும். விடை சந்தேகமாக இருந்தால் "இது மறுபடி பார்க்கணும்" என்று சொல்ல ஆள் வேணும். தினமும் காலையில் எந்திரம் சரியாக அளக்குதா என்று, விடை தெரிந்த மாதிரியைப் போட்டுச் சோதிக்க ஆள் வேணும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகையும் இன்ஜினையும் எப்படிப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்கிறோமோ, ஆய்வக எந்திரத்துக்கு அந்தக் கவனிப்பு தினமும் தேவை. அதனால் படிக்கிற பிள்ளைகள் தரக் கட்டுப்பாடு, பார்கோடு மென்பொருள், எந்திரப் பராமரிப்பு மூன்றையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

ரோபோவால் திருத்த முடியாத தப்பு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆய்வகப் பிழைகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது: பிழைகளில் பாதிக்கு மேல், சுமார் 60 முதல் 70 சதவீதம் வரை, டியூப் சோதனை எந்திரத்துக்குள் போவதற்கு முன்பே நடந்துவிடுது. தப்பான பெயர், தப்பான டியூப், போதாத ரத்தம், தாமதம், சூடு.

ரோபோ பார்கோடைத்தான் படிக்கும். அந்த பார்கோடு உங்களுடையதா, அதே பெயருள்ள பக்கத்துத் தெரு அம்மாவுடையதா என்று அதுக்குத் தெரியாது. நம்ம பக்கம் ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள்; இனிஷியலும் ஒன்றாக இருக்கும். பெயர் மாறி ஒட்டிய டியூபை எந்திரம் மிக வேகமாக, மிகச் சுத்தமாகச் சோதித்து, உங்கள் பெயரில் வேறொருவர் விடையைக் கொடுத்துவிடும். யாருக்கோ ஏற்ற வேண்டிய ரத்தம் உங்களுக்கு ஏறலாம். இதில் உயிரே போகலாம்.

அடுத்தது தாமதம். பிடித்த மீனை ஐஸ் போடாமல் வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? ரத்தமும் அப்படித்தான். டியூபுக்குள் இருக்கும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கும். அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். பாதுகாப்பு மருந்து இல்லாத டியூபில் சுழற்றிப் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். 200 இருந்தவருக்கு இரண்டு மணி நேரத்தில் 172 முதல் 180 என்று காட்டும். அவரும் "பரவாயில்லை, குறைஞ்சிருக்கு" என்று சந்தோஷப்படுவார். இதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடி டியூப். இதேபோல ரத்தத்தை வேகமாக உறிஞ்சினாலோ, வண்டியில் குலுக்கினாலோ அணுக்கள் உடைந்து பொட்டாசியம் அதிகம் என்று பொய்யாகக் காட்டும். இருதயத்துக்கே ஆபத்து என்று வீட்டில் எல்லாரும் பதறிப்போவோம்.

பட்டினச்சேரியிலிருந்து திருமலைராயன்பட்டினம், அங்கிருந்து காரைக்கால் அரசு மருத்துவமனை, மேல் சிகிச்சைக்கு சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி புதுச்சேரி ஜிப்மர் என்று நம்ம வழி நீளமானது. வழி நீள நீள, டியூபில் ஒட்டும் பெயரும் எடுத்த நேரமும் சரியாக இருப்பது அவ்வளவு முக்கியம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

ரத்தம் கொடுக்கும்போது:

1. "உங்க பெயர் ராணிதானே?" என்று கேட்டால் தலையாட்டி விடாதீர்கள். முழுப் பெயர், வயது அல்லது பிறந்த தேதி இரண்டையும் நீங்களே வாயால் சொல்லுங்கள்.

2. ரத்தம் எடுத்த டியூபில் உங்கள் கண் முன்னாலேயே பெயர்ச்சீட்டு ஒட்டுகிறார்களா என்று பாருங்கள். ஒட்டவில்லை என்றால் "அக்கா, பேரை ஒட்டிடுங்களேன்" என்று மரியாதையாகக் கேட்கலாம். அது உங்கள் உரிமை. அவர்களும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

3. வெறும் வயிற்றில் சர்க்கரை என்றால் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. ராத்திரி கடலுக்குப் போய் விடியற்காலை கரைக்கு வந்து ஒரு டீ குடித்தாலும் அது வெறும் வயிறு இல்லை. அதை மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரி பார்க்கும் ஹெச்.பி.ஏ.1.சி. சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. உங்களுக்கு எது ஏற்றது என்று டாக்டரைக் கேளுங்கள்.

4. சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக் காட்டுங்கள்.

ரிப்போர்ட் வாங்கும்போது:

5. முதலில் எண்ணைப் பார்க்காதீர்கள். பெயர், வயது, ஆணா பெண்ணா, மாதிரி எடுத்த தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். பிறகு எண், அதன் பக்கத்தில் இருக்கும் இயல்பு அளவு.

6. உடம்பு நன்றாக இருக்கும்போது பயமுறுத்தும் எண் வந்தால், அல்லது உடம்பு சரியில்லாதபோது எல்லாம் நார்மல் என்று வந்தால், "மறுபடி எடுத்துப் பார்க்கலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

7. வாட்ஸ்அப்பில் அனுப்பப் போட்டோ எடுத்தால் தாளின் தலைப்பகுதி விழும்படி எடுங்கள். பெயரும் தேதியும் இல்லாத ரிப்போர்ட்டை வைத்து எந்த டாக்டரும் முடிவு செய்ய முடியாது.

போனில் ஒரு எண்

ஒவ்வொரு முறையும் பழைய ரிப்போர்ட்டைத் தேடி அலமாரியைக் கலைக்க வேண்டாம். 'ஆபா' என்ற 14 இலக்கச் சுகாதார எண் இருக்கு. 2020 ஆகஸ்ட் 15 அன்று தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் சோதனை முறையில் தொடங்கிய 6 யூனியன் பிரதேசங்களில் நம்ம புதுச்சேரியும் ஒன்று. 2021 செப்டம்பர் 27 முதல் அது நாடு முழுக்க வந்தது. ஆதார் வழியாகப் போனிலேயே இந்த எண்ணை உருவாக்கலாம். கட்டணம் கிடையாது, கட்டாயமும் கிடையாது. இணைந்திருக்கும் மருத்துவமனையின் பதிவுகளை அதில் சேர்க்கலாம். நீங்கள் சம்மதித்தால்தான் இன்னொரு டாக்டர் பார்க்க முடியும். உங்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் போனில் சொல்லாதீர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்றாலும்.

ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிற தெருவில், மூன்று பேருக்கும் தனித்தனி 14 இலக்க எண் இருந்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். ரோபோ கை வருவதற்கு முன்பே இதை நாம செய்துவிடலாம்.

நாளைக்கு காரைக்காலில் ஒரு ரோபோ கை உங்கள் டியூபைத் தூக்கினாலும் சரி, இன்றைக்குப் போல ஆய்வக அக்காவே தூக்கினாலும் சரி, அந்த டியூபில் இருப்பது உங்கள் பெயர்தான் என்று பார்த்துக்கொள்ள வேண்டிய முதல் ஆள் நீங்கள். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது அரை நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

 கேள்வி இருந்தால் கேளுங்க, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.